வளர்க்கலாம், விக்கக்கூடாது: தென்னாப்பிரிக்காவுல கஞ்சா சட்டம் பாதியில நிக்குது, அதை முழுசாக்கணுமா?

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துலேர்ந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அவங்க மகனுக்கு 19 வயசு, வீட்டுக்குப் பின்னாடி தொட்டியில ரெண்டு கஞ்சா செடி வச்சிருக்கான், கேட்டா "அம்மா இதெல்லாம் இப்ப லீகல்"ங்கறானாம், அவங்க வீட்டுக்காரர் பிடுங்கிப் போடுன்னு கத்துறாராம். நிஜமாவே இது லீகலா, முழுசா லீகல் பண்ணிட்டா நம்ம பசங்க கதி என்ன ஆகும், இதான் கேள்வி. நான் டர்பன்ல வக்கீல், கிரிமினல் கேஸ் தான் அதிகம், 2018க்கு முன்னாடி திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போனா வார கடைசியில டக்காவோட (இங்க கஞ்சாவுக்கு அது தான் பேர்) பிடிச்ச பசங்க வரிசையா நிப்பாங்க, அந்த அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன் அக்கா. லீகல் பண்ணனும். வயசு வந்தவங்களுக்கு மட்டும், லைசென்ஸ் வாங்குன கடையில, உள்ள என்ன இருக்கு எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு லேபிள் ஒட்டி, வரி போட்டு, விளம்பரமே இல்லாம விக்கணும். கஞ்சா நல்லதுன்னு நான் சொல்லல. இப்ப இருக்கிற பாதி சட்டம், அதாவது வளர்த்துக்கோ, வச்சுக்கோ, புகைச்சுக்கோ, ஆனா வாங்கவும் கூடாது விக்கவும் கூடாதுங்கறது, அது தான் உங்க மகன் மாதிரி பசங்களுக்கு ரொம்ப ஆபத்துன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

இப்ப சட்டம் எங்க நிக்குதுன்னா, 2018 செப்டம்பர் 18ஆம் தேதி கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, நீதிபதி ரேமண்ட் சோண்டோ எழுதினது, எல்லா நீதிபதிகளும் ஒத்துக்கிட்டது. வயசு வந்த ஒருத்தர் தனக்குன்னு, தனிப்பட்ட இடத்துல கஞ்சா வளர்க்கிறதையும் வச்சிருக்கிறதையும் புகைக்கிறதையும் குற்றம்னு சொல்றது பிரைவசி உரிமைக்கு எதிரானதுன்னு சொல்லிட்டாங்க. கேஸ் போட்டவங்கள்ல முக்கியமானவர் கேரத் பிரின்ஸ், கஞ்சாவைப் புனிதமா நினைக்கிற ராஸ்தஃபாரி மதத்துக்காரர். சட்டம் படிச்சவர், ஆனா கஞ்சா வச்சிருந்ததுக்கு ரெண்டு தண்டனை இருந்ததால வக்கீல் ஆகவே விடல, 2002ல அதே கோர்ட் 5க்கு 4ன்னு அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிச்சு. 16 வருஷம் விடாம போராடி அதே கோர்ட்டுல வந்து ஜெயிச்சாரு. எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை உண்டு.

பார்லிமென்ட்டுக்கு 24 மாசம் டைம் குடுத்தாங்க. சட்டம் வந்தது 2024 மே 28, ஜனாதிபதி ராமபோசா கையெழுத்துப் போட்டது தேர்தலுக்கு முந்தின நாள். அந்த சட்டமும் கையெழுத்து ஆனதும் அமலுக்கு வந்துடாது, எத்தனை செடி, எத்தனை கிராம்னு ரெகுலேஷன் எழுதி, தேதி அறிவிச்சா தான் வரும். அதுலயும் விக்கிறது குற்றம் தான், பொது இடத்துல புகைக்கிறது குற்றம், குழந்தைங்க பக்கத்துல புகைக்கிறதும் குற்றம். பழைய 1992 போதைப்பொருள் சட்டப்படி விக்கிறதுக்கு அதிகபட்சம் 25 வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். ஆக உங்க மகன் தொட்டிச் செடிக்கு அவனைத் தூக்கிட்டுப் போக முடியாது, ஆனா அதுல ஒரு பொட்டலம் கட்டி ஃப்ரெண்டுகிட்ட ஐம்பது ராண்ட் வாங்கிட்டான்னா அவன் டீலர். இந்த வித்தியாசம் பசங்களுக்கு சுத்தமா தெரியல, அதை அவனை உக்கார வச்சு சொல்லுங்க.

நம்ம ஆளுங்க நிறைய பேர் "இது நம்ம கலாச்சாரமே இல்ல, இப்ப வந்த கெட்ட பழக்கம்"னு சொல்றாங்க. வரலாறு அப்படி இல்ல. 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து நம்ம கொள்ளுத்தாத்தாக்களைக் கொண்டுவந்து டர்பன்ல இறக்குச்சு, கரும்புத் தோட்டத்துக்கு. பத்தே வருஷத்துல, 1870ல, டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலோட அரசாங்கம் கூலிகளுக்குன்னு போட்ட சட்டத்துல ஒரு பிரிவு, கூலிங்க கஞ்சா புகைக்கக்கூடாது, வச்சிருக்கக்கூடாது, அவங்களுக்கு யாரும் விக்கவோ சும்மா குடுக்கவோ கூடாதுன்னு. வெள்ளைக்காரனுக்கு அந்தத் தடை கிடையாது. இந்த நாட்டுல கஞ்சாவைத் தடை பண்ணின ஆரம்பகாலச் சட்டங்கள்ல ஒண்ணு நம்ம தாத்தா பாட்டிங்க மேல எழுதினது. உடம்பு கெடும்னு கவலைப்பட்டா எல்லாருக்கும்ல தடை போட்டிருக்கணும்? கரும்பு வெட்ட ஆள் வரணும், அவ்வளவு தான் தோட்டக்காரனோட கவலை. இந்தியக் கூலிங்க நிலைமையை விசாரிச்சு 1887ல வந்த ராக் கமிஷன் அறிக்கையும் டக்கா பத்தி இதே குரல்ல தான் பேசுது.

அதே பிரிட்டிஷ்காரன் இந்தியாவுல என்ன பண்ணினான் தெரியுமா, கடைக்கு லைசென்ஸ் குடுத்து கஞ்சா வித்து வரி வாங்கிட்டிருந்தான். 1893ல ஒரு கமிஷன் போட்டு ஆயிரத்துக்கும் மேல சாட்சிகளை விசாரிச்சு, 1894ல ஏழு வால்யூம்ல ரிப்போர்ட் வந்துச்சு: அளவா எடுக்கிறவங்களுக்குப் பெரிய கெடுதல் இல்ல, அதிகமா எடுக்கிறவங்களுக்குக் கெடுதல் உண்டு, தடை பண்ண வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும். நூத்தி முப்பது வருஷம் முன்னாடி எழுதினது. இப்ப நான் கேக்குறதும் கிட்டத்தட்ட அதே தான்.

அப்புறம் 1922ல இங்க நாடு முழுக்க தடை வந்துச்சு, 1923ல தென்னாப்பிரிக்கா அரசாங்கமே லீக் ஆஃப் நேஷன்ஸுக்கு எழுதி கஞ்சாவையும் உலகத் தடை லிஸ்ட்ல சேருங்கன்னு கேட்டுச்சு, 1925 ஜெனீவா ஒப்பந்தத்துல சேர்ந்துச்சு, அங்க அதிகமா வாதாடினது எகிப்து. அப்புறம் அபார்ட்ஹைட், அதாவது நிறவெறி ஆட்சிக் காலத்துல 1971ல ரொம்பக் கொடூரமான ஒரு சட்டம். பிறகு 115 கிராமுக்கு மேல கையில இருந்தாலே நீ வியாபாரின்னு கோர்ட் எடுத்துக்கும், இல்லன்னு நீ தான் நிரூபிக்கணும்னு ஒரு விதி, அதை 1995ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் தூக்கி எறிஞ்சுது. அதுக்குள்ள எத்தனை குடும்பம் நாசமாச்சோ.

இந்தத் தடையால நிஜமா என்ன நடந்துச்சுன்னு நான் கோர்ட்டுல பார்த்ததைச் சொல்றேன். ஒரு பையனைப் பிடிப்பாங்க, கையில ஒரே ஒரு ஸோல், அதாவது டக்கா சுருட்டு. ஸ்டேஷன்ல "முந்நூறு ராண்ட் கட்டிட்டு வீட்டுக்குப் போ"ன்னு சொல்லுவாங்க. அப்பா பணத்தைக் கட்டி, காதைத் திருகிக் கூட்டிட்டு வந்துடுவாரு, கோயில்ல ஒரு அர்ச்சனை, மேட்டர் முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. முடியல. அது குற்றத்தை ஒத்துக்கிட்டு கட்டற அபராதம், அதுலேயே கிரிமினல் ரெக்கார்ட் ஏறிடும். ஏழெட்டு வருஷம் கழிச்சு அவன் டீச்சர் வேலைக்கோ செக்யூரிட்டி வேலைக்கோ துபாய் விசாவுக்கோ போலீஸ் கிளியரன்ஸ் கேக்கும்போது தான் தெரியும், பிரிட்டோரியாவுல பேர் உக்காந்திருக்குன்னு. அந்த நேரத்துல என் ஆபீஸ்ல வந்து அழுத அம்மாக்களை நான் மறக்கவே மாட்டேன். பழைய ரெக்கார்டை அழிக்கணும்னா பத்து வருஷம் காத்திருந்து மனு போடணும். புது சட்டத்துல அதைத் தானா அழிக்க வழி வச்சிருக்காங்க, அந்த ஒரு பகுதிக்காகவாவது அது சீக்கிரம் முழுசா நடைமுறைக்கு வரணும்னு தான் நான் ஆசைப்படறேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்ம பசங்க கெட்டது வெறும் டக்காவால இல்ல அக்கா. பட்டன், அதாவது மேண்ட்ராக்ஸ்ங்கற மயக்க மாத்திரையைப் பொடி பண்ணி, டக்காவோட கலந்து, உடைச்ச பாட்டில் கழுத்துல வச்சு இழுப்பாங்களே, வெள்ளை பைப், அது எழுபது எண்பதுகள்லேர்ந்தே ஒரு தலைமுறையைத் தின்னுச்சு. அப்புறம் 2005, 2006 வாக்குல "சுகர்ஸ்" வந்துச்சு, மட்டமான ஹெராயின் கலவை, ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்த பசங்க வீட்டு கெட்டிலை வித்து வாங்கினாங்க, அம்மாங்க தெருவுல இறங்கி டீலர் வீட்டு முன்னாடி நின்னு போராடினாங்க, உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஊங்கா, அதுவும் ஹெராயின் கலவை தான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, இதையெல்லாம் விக்கிறது யாரு? டக்கா விக்கிற அதே ஆளு, அதே வீடு, அதே ஜன்னல். பையன் டக்கா வாங்கத் தான் போறான். இன்னைக்கு டக்கா ஸ்டாக் இல்ல, இதை ட்ரை பண்ணு, முதல் தடவை ஃப்ரீன்னு குடுக்கிறான். கஞ்சா தானா யாரையும் ஹெராயினுக்கு இழுத்துட்டுப் போகுதான்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடிச்சுக்கறாங்க, ஆனா அந்த ஜன்னல் இழுத்துட்டுப் போறதை நான் கேஸுக்குக் கேஸ் பார்த்திருக்கேன். 2018 தீர்ப்பு அந்த ஜன்னலைத் தொடவே இல்ல. அம்ஹ்லாங்காவுல பெரிய மதில் போட்ட வீட்டுல இருக்கிறவர் கராஜ்ல லைட்டு போட்டு நாலு செடி வளர்த்துக்குவாரு, அவருக்குப் பிரச்சனை இல்ல. சாட்ஸ்வொர்த்துல ரெண்டு ரூம் கவுன்சில் ஃபிளாட்டுல ஆறு பேரோட இருக்கிறவன் எங்க வளர்ப்பான், அவன் அந்த ஜன்னலுக்குத் தான் போகணும், போனா குற்றவாளி. பணம் இருக்கிறவனுக்கு உரிமை, இல்லாதவனுக்குக் கேஸ். இது எந்த ஊர் நியாயம்?

தடை போட்டா நின்னுடும்னு நம்பறவங்க 2020 லாக்டவுனை நினைச்சுப் பாருங்க. மார்ச் கடைசியிலேர்ந்து ஆகஸ்ட் பாதி வரைக்கும் சிகரெட் விக்கவே கூடாதுன்னு தடை. யாராவது நிறுத்தினாங்களா? ஒரு பாக்கெட் ரெண்டு மூணு மடங்கு விலைக்கு எல்லாத் தெருவுலயும் கிடைச்சுது, வரி ஒரு சென்ட் கூட அரசாங்கத்துக்குப் போகல, அப்ப வேர் விட்ட கள்ள சிகரெட் வியாபாரத்தை இன்னைக்கு வரைக்கும் ஒழிக்க முடியல. அஞ்சு மாசம் சிகரெட்டுக்கே இந்தக் கதின்னா, நூறு வருஷ கஞ்சா தடை யாரை வளர்த்துவிட்டிருக்கும்.

சரி, கெடுதல் பக்கம். இதை நான் மழுப்ப மாட்டேன், ஏன்னா "அது வெறும் மூலிகை தான்"னு சொல்லிட்டுத் திரியற கூட்டத்து மேலயும் எனக்குக் கோபம் உண்டு. கஞ்சா எடுக்கிறவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு அடிமைத்தனம் வரும்னு ரொம்ப நாளா சொல்ற கணக்கு, சின்ன வயசுலயே ஆரம்பிச்சவங்கள்ல அது ஆறுல ஒருத்தர் வரைக்கும் போகும். மூளை இருபத்தஞ்சு வயசு வாக்குல தான் முழுசா வளர்ந்து முடியுது, அதுக்கு முன்னாடி தினமும் ஸ்ட்ராங்கான சரக்கு இழுத்தா ஞாபக சக்தி, படிப்பு, ஆர்வம் எல்லாத்தையும் அடிக்கும். வீட்டுல யாருக்காவது ஸ்கிஸோஃப்ரீனியாவோ பெரிய மனநோயோ இருந்திருந்தா, அந்தப் பையன் கஞ்சா பக்கமே போகக்கூடாது, இதை நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன், காதுல குரல் கேக்குதுன்னு ஆரம்பிச்சு ஆஸ்பத்திரியில முடிஞ்ச கேஸ் என் சொந்தத்துலயே உண்டு. "சாமி வந்திருக்கு"ன்னு பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போய் மாசக்கணக்குல காலம் தாழ்த்தினாங்க, போலீஸுக்குத் தெரிஞ்சுடுமேங்கற பயத்துல டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லல. பாருங்க, அங்கயும் சட்டத்து மேல இருந்த பயம் தான் வைத்தியத்துக்கு குறுக்க நின்னுச்சு.

இன்னொண்ணு, பழைய டர்பன் பாய்சன்னு உலகம் பூரா பேர் வாங்கின நம்ம ஊர் செடி வேற, இப்ப லைட்டுக்கு அடியில வளர்க்கிற கலப்பின சரக்கு வேற. டிஹெச்சி, அதாவது போதை ஏத்தற பொருளோட அளவு முன்னாடி மூணு நாலு சதவீதம் இருந்த இடத்துல இப்ப பதினஞ்சு, இருபதுன்னு போகுது. வாங்கறவனுக்கு அது தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது. பீர் பாட்டில்ல அஞ்சு சதவீதம்னு போட்டிருக்கு, பிராந்தியில நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு, பொட்டலத்துல என்ன போட்டிருக்கு? லேபிள் ஒட்டணும்னா விக்கிறது முதல்ல லீகலா இருக்கணும், வேற வழியே இல்ல. கஞ்சா போட்ட பிரவுனி, ஜெல்லி மிட்டாய் விஷயத்துல இது இன்னும் மோசம், சாப்பிட்டு ஒரு மணி ரெண்டு மணி நேரம் கழிச்சு தான் ஏறும், ஒண்ணும் ஆகலையேன்னு இன்னொண்ணு எடுத்துடுவாங்க, சின்னப் பிள்ளைங்க மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டுக்கும்.

மத்த நாடுங்க கதையைச் சுருக்கமா சொல்றேன். கனடா 2018 அக்டோபர் 17லேர்ந்து கடையில விக்குது, விளம்பரம் கிடையாது, குழந்தை திறக்க முடியாத டப்பா, திங்கற சரக்குன்னா ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டிஹெச்சிக்கு மேல கூடாது. சில வருஷத்துல வாங்கறவங்க பெரும்பாலானவங்க லீகல் கடைக்கு மாறிட்டாங்க, அந்த ஜன்னலுக்குப் போறவங்க குறைஞ்சுட்டாங்க. ஆனா குழந்தைங்க தெரியாம சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றது அங்கயும் கூடிச்சு, அதை மறைக்கக்கூடாது. தாய்லாந்து 2022 ஜூன்ல போதைப்பொருள் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுச்சு, ஆனா எப்படி விக்கணும்னு சட்டமே போடல, ஆயிரக்கணக்குல கடை முளைச்சு, கடைசியில 2025ல மருந்துச் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு திரும்பப் போயிட்டாங்க. ஜெர்மனி 2024 ஏப்ரல்ல மூணு செடி, வீட்டுல 50 கிராம்னு தெளிவா எழுதிட்டு, மெம்பர் கிளப்புக்கும் விதி போட்டுச்சு. நம்ம ஊர் என்னைக் கேட்டா தாய்லாந்து வழியில தான் போயிட்டிருக்கு. டர்பன்லயே பச்சை இலை போர்டு மாட்டின கடை எத்தனை, "நாங்க விக்கல, மெம்பர்ஷிப் கிளப்"னு சொல்றாங்க, கோர்ட்டுல நிக்குமான்னு கேட்டா எந்த வக்கீலும் தைரியமா பதில் சொல்ல மாட்டான். வயசு செக் பண்றது கடைக்காரன் மனசைப் பொறுத்தது.

இதுல ரொம்ப ஏமாந்தது யாருன்னா ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துல இருக்கிற பாண்டோலேண்ட் விவசாயிங்க. லுசிகிசிகி பக்கம் மலைச்சரிவுல தலைமுறை தலைமுறையா டக்கா வளர்த்து, அதுல பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் கட்டின கொசா அம்மாக்கள். போலீஸ் ஹெலிகாப்டர்ல வந்து களைக்கொல்லி தெளிப்பான், டக்காவோட மக்காச்சோளமும் கருகும். 2018க்கு அப்புறம் சிட்டிக்காரங்க அவங்கவங்க வீட்டுலயே வளர்க்க ஆரம்பிச்சதும் அவங்க சரக்குக்கு விலை விழுந்துச்சு. மருத்துவக் கஞ்சா ஏற்றுமதிக்கு லைசென்ஸ் உண்டு, ஆனா வேலி, கேமரா, லேப்னு அவங்க கேக்குற வசதிக்கெல்லாம் லட்சக்கணக்குல ராண்ட் வேணும், அது கம்பெனிக்காரனுக்குத் தான் முடியும். ஜனாதிபதி 2022 உரையில இந்தத் துறையில 1,30,000 வேலை வரும்னு சொன்னாரு. விக்கிறதையே குற்றம்னு வச்சுக்கிட்டு வேலை எங்கேர்ந்து வரும்? லீகல் பண்ணும்போது முதல் லைசென்ஸ் அந்த அம்மாக்களுக்குப் போகணும், இல்லன்னா கரும்புத் தோட்டக் கதை தான் திரும்ப நடக்கும், உழைச்சவன் ஒருத்தன், லாபம் பார்த்தவன் இன்னொருத்தன்.

அரசாங்கத்துக்குள்ளயே தெளிவு இல்லங்கறதுக்கு ஒரு உதாரணம்: 2025 மார்ச்ல சுகாதார அமைச்சர் கஞ்சா, ஹெம்ப் (போதை ஏறாத கஞ்சா வகை) கலந்த எல்லா உணவுப் பொருளுக்கும் திடீர்னு தடை போட்டாரு, ஹெம்ப் விதை எண்ணெய் விக்கிறவங்க வரைக்கும் ஆடிப் போயிட்டாங்க, அதே மாசத்துல தடையை வாபஸ் வாங்கினாங்க. முதல் போட்டவன் தூங்குவானா.

வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுல புகைச்சா லீகல், ஆனா யூரின் டெஸ்ட்ல பல நாள், தினமும் எடுக்கிறவங்களுக்கு வாரக்கணக்குல கூட காட்டும், அப்ப போதையில இருக்காரான்னு அந்த டெஸ்ட் சொல்லாது. 2024ல லேபர் அப்பீல் கோர்ட்டுல ஆபீஸ் வேலை பார்த்த ஒரு பெண்ணோட கேஸ் வந்துச்சு, வேலை நேரத்துல போதையில இல்ல, ஆபத்தான மெஷின் வேலையும் இல்ல, டெஸ்ட்ல வந்துச்சுன்னு மட்டும் வேலையை விட்டு எடுத்தது தப்புன்னு பத்து லட்சம் ராண்ட் நஷ்ட ஈடு குடுக்கச் சொன்னாங்க. ஆனா இதை நம்பி லாரி ஓட்டறவங்க, போர்ட்ல கிரேன் ஓட்டறவங்க தைரியம் ஆயிடாதீங்க, பாதுகாப்பு வேலைக்கு நிலைமை வேற.

பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பசங்க விஷயத்துலயும் 2022 செப்டம்பர்ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் நல்ல தீர்ப்பு குடுத்துச்சு: வச்சிருந்ததுக்கும் புகைச்சதுக்கும் பிள்ளைங்களைக் குற்றவாளி ஆக்காதே, கவுன்சிலிங்குக்கும் சிகிச்சைக்கும் அனுப்புன்னு. பிள்ளைங்களுக்கு லீகல்னு அர்த்தம் இல்ல, குடுத்த பெரியவனைப் பிடின்னு அர்த்தம். நான் கேக்குற சட்டத்துல கடையில வாங்கற வயசு 21ன்னு இருக்கணும், ஸ்கூல் பக்கத்துல கடையே இருக்கக்கூடாது, வர்ற வரியில ஒரு பங்கு சட்டத்துலயே எழுதி மறுவாழ்வு மையங்களுக்குப் போகணும். இப்ப சுகர்ஸ்லேர்ந்து மீள நினைக்கிற பையனுக்கு அரசாங்க சென்டர்ல இடம் கிடைக்கவே காத்திருக்கணும், பிரைவேட்ல மாசச் சம்பளத்தைக் கொட்டணும், காத்திருக்கிற நாள்லயே பாதி பேர் திரும்ப அந்த ஜன்னலுக்குப் போயிடறாங்க.

இப்ப அக்கா, உங்க வீட்டு விஷயம். செடியைப் பிடுங்கிப் போட்டா அவன் ஜன்னலுக்குப் போவான், அதை மட்டும் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அது உங்க வீடு, வேண்டாம்னு சொல்ற உரிமை உங்களுக்கு உண்டு, அதுல சட்டம் அவன் பக்கம் இல்ல. வச்சுக்க விடறதா இருந்தா தெருவுலேர்ந்து தெரியாத இடத்துல இருக்கட்டும், வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா பூட்டி வைங்க, யாருக்கும் காசு வாங்கிக் குடுக்கக்கூடாது, எடுத்துட்டு வண்டி ஓட்டவே கூடாது. தினமும் எடுக்கிறானா, தூக்கம் கெட்டிருக்கா, ஃப்ரெண்ட்ஸை விட்டு ஒதுங்கறானான்னு கவனிங்க, அப்படி இருந்தா திட்டாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, இதைச் சொன்னதுக்காக டாக்டர் போலீஸைக் கூப்பிட மாட்டாரு. ஒருவேளை போலீஸ் வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா, சின்ன அபராதம் தானேன்னு எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டிடாதீங்க, வக்கீல் வரட்டும்னு சொல்லுங்க. கைல காசு இல்லன்னா கோர்ட்டுலயே லீகல் எய்டு ஆள் இருப்பாரு, தகுதி இருந்தா அவர் கேஸை ஃப்ரீயா எடுத்துக்குவாரு, கேட்டு வாங்குங்க.